ரெண்டு முனிரத்தினம்

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க சார், எனக்கு வேணாம். வெயிலுக்குப் பயந்து சொல்லல. ராஜஸ்தான் மணல்ல ரெண்டு கோடை கழிச்சவன் நான். இந்தப் பையில ஒரு பேப்பர் இருக்குது, மடிப்பு விழாம கொண்டு போவணும், அதுக்குத்தான் உள்பக்கமா உக்காந்தேன். நீங்க எது வரைக்கும்? திருவண்ணாமலையா? நல்லது. நான் பாதியிலயே இறங்கிடுவேன். கண்ணமங்கலம் தாண்டினா, சந்தவாசலுக்கு இந்தப் பக்கம், பனந்தோப்பு கூட்ரோடுன்னு ஒண்ணு வரும், ஊருக்கு ரோடு பிரியற இடம். இந்த வண்டி அங்க நிக்காது. ஏறும்போதே கண்டக்டர்கிட்ட சொன்னேன். "ஸ்டாப்பிங் இல்ல பெரியவரே"ன்னான். "உயிர் போற விஷயம்பா"ன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு சரின்னுட்டான்.

பொய் சொல்லல சார். நிஜமாவே உயிர் போற விஷயம்தான். ஆனரரி கேப்டன் முனிரத்தினம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? சிப்பாயா சேந்து கௌரவ கேப்டனா ரிட்டயர் ஆனவரு, எழுபத்தொண்ணு சண்டையில சேனா மெடல் வாங்கினவரு. பனந்தோப்புல ஒரு தெருவுக்கே அவர் பேரு. அவரு இப்போ சாகக் கிடக்கறாரு. ஆஸ்பத்திரியில கையை விரிச்சிட்டாங்க, வீட்டுக்குக் கொண்டாந்து ஒரு மாசம் ஆவுது. இந்தப் பேப்பர்ல கையெழுத்து போடாம போவ மாட்டேன்னு உயிரைப் புடிச்சினு கிடக்கறாரு. காலையில ஃபோன் வந்துச்சு, "மூச்சு ஏறி ஏறி இறங்குது, உடனே கிளம்பி வா"ன்னு. அடுத்த பஸ்ஸைப் புடிச்சிட்டேன். அடுத்த பஸ்ஸுன்னா, குளிச்சி, டிபன் சாப்பிட்டு, அதுக்கு அடுத்த பஸ்ஸு.

நீங்க எங்க வேலை பாக்கறீங்க? தாலுக்கா ஆபீஸா! அடடே. அப்போ உங்ககிட்ட சொல்லலாம் சார். ஃபைல் பாத்தவனுக்குத்தான் ஃபைலோட கஷ்டம் தெரியும். நானும் உங்க ஜாதிதான். ஆபீஸ் ஜாதி. பேரு தணிகாசலம். பட்டாளத்துல கிளார்க்கா சேந்து சுபேதாரா ரிட்டயர் ஆனவன். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குப் பதினோரு வருஷமா நான்தான் தலைவர். பட்டாளம்னா சனங்க துப்பாக்கியை மட்டும்தான் நெனைக்கிறாங்க. சுட்டவன் சுட்டுட்டுப் போயிடுவான், அதை எழுதி வெக்கிறவன் ஒருத்தன் வேணாமா? எழுதலைன்னா நடந்தது நடக்காதது மாதிரிதான். அந்த மெடல் இருக்குதே, அதுக்கு சிபாரிசு எழுதினதே நான்தான். "தன் உயிரைத் துச்சமென மதித்து"ன்னு ஒரு வரி வரும். இங்கிலீஷ்ல டைப் அடிச்சேன். கர்னல் சாப் ஒரு எழுத்து மாத்தல, அப்படியே கையெழுத்து போட்டாரு.

அதுல ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சு சார். என் தப்புன்னு சொல்ல முடியாது. நடந்து போச்சு. அதுக்குத்தான் இந்தப் பேப்பர்.

எங்க கம்பெனியில முனிரத்தினம் ரெண்டு பேரு. பட்டாளத்துல ஒரே பேருல ரெண்டு பேரு இருந்தா, பட்டாள நம்பரோட கடைசி ரெண்டு எண்ணைச் சேத்துதான் கூப்புடுவோம். இவரு நாப்பத்தேழு முனிரத்தினம். இன்னொருத்தன் அறுவத்திரெண்டு முனிரத்தினம். ரெண்டு பேரும் நம்ம பக்கம்தான். நாப்பத்தேழு பனந்தோப்பு. அறுவத்திரெண்டு அதுக்குப் பக்கத்துல கோட்டைமேடு. நடுவுல ஒரு ஏரிதான். ஆனா குணத்துல ஏணி வெச்சாலும் எட்டாது. நாப்பத்தேழு இருக்கானே... பாருங்க, கேப்டனாயிட்டவரை அவன் இவன்னு சொல்றேன். சின்ன வயசுல இருந்து பாத்த வாய். நாப்பத்தேழு சட்டை மடிப்பு கத்தி மாதிரி நிக்கும். ஷூவுல முகம் பாக்கலாம். வாய் பேச மாட்டான். லீவுல போனா ஒரு நாள் முன்னாடியே திரும்பி வந்துடுவான்.

அறுவத்திரெண்டு அதுக்கு நேர் எதிர். சிவப்பு மை கேஸு. அப்படின்னா உங்களுக்குத் தெரியாது இல்ல? சிப்பாய்க்கு நடத்தைச் சீட்டுன்னு ஒண்ணு உண்டு சார். சின்னத் தப்புக்குக் கறுப்பு மை, பெரிய தண்டனைக்குச் சிவப்பு மை. சிவப்பு விழுந்தா விழுந்ததுதான். அவனுக்கு ரெண்டு சிவப்பு. ஒண்ணு, லீவு முடிஞ்சி ஒன்பது நாள் லேட்டு. காரணம் இன்னான்னு கேட்டா, மாடு கண்ணு போட்டுச்சாம். மாட்டுக்குத் தலைச்சன் கண்ணு, பாத்துக்க ஆளில்லைன்னு மேஜர் முன்னாடியே சொல்றான். மேஜர் சிரிச்சிட்டாரு. சிரிச்சினே தண்டனை குடுத்தாரு. ரெண்டாவது, சமையல்காரனை அடிச்சது. சோறு வேகலையாம். தட்டைத் தூக்கி அவன் மண்டையில அடிச்சிட்டான். இந்த மாதிரி ஆளை வெச்சினு கிளார்க் படற பாடு இருக்குதே, ஒவ்வொண்ணுக்கும் மூணு காப்பி அடிக்கணும்.

கணியம்பாடி வந்துடுச்சா? வண்டி நல்லா வேகமாத்தான் போறான். இவ்ளோ வேகம் வேணாம்.

சரி, சண்டைக்கு வரேன். டிசம்பர் மாசம். பகல் ரெண்டு மணி இருக்கும். ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தாண்ட கடுகு வயல், வயலுக்கு அந்தாண்ட ஒரு செங்கச் சூளை. சூளைக்குள்ள மெஷின்கன் வெச்சினு அவனுங்க உக்காந்திருக்காங்க. எங்க கேப்டன் சாப், சின்ன வயசு, கல்யாணமாகி ஆறு மாசம், ஒரு கூட்டத்தைக் கூட்டினு வயல்ல இறங்கினாரு. பாதி வயல் போறதுக்குள்ள அடி விழுந்துடுச்சு. கேப்டனுக்கு வயித்துல. கூட ரெண்டு பேரு அங்கங்க விழுந்து கிடக்கறாங்க. மத்தவங்க வாய்க்காலுக்குத் திரும்பி வந்து படுத்துட்டாங்க. தலை தூக்கினா சூளையிலிருந்து குண்டைப் பொழியறான். கடுகுச் செடி இடுப்பு உயரம் கூட இல்ல. அந்த வயலுக்குள்ள முனிரத்தினம் தனியாப் போனான் சார். போயி, கேப்டனை முதுகுல போட்டுத் தூக்கினு வந்தான். திரும்பப் போனான், இன்னொருத்தனைத் தூக்கினு வந்தான். திரும்பப் போனான். சுத்தி இருந்தவனெல்லாம் முகத்தை மண்ணுல புதைச்சினு கிடந்தான், எவன் போனான் எவன் வந்தான்னு ஒருத்தனும் பாக்கல. புகை வேற.

நான் அங்க இல்ல. நான் மூணு மைல் பின்னாடி, டென்ட்டுல, டைப் மெஷின் முன்னாடி. ஆனா நான் எழுதினதைப் படிச்சா நான் அங்க இருந்தேன்னுதான் சொல்லுவீங்க.

கேப்டன் சாப்பை வண்டியில ஏத்தும்போது அவரு சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "முனிரத்தினம்தான் எங்களைக் கொண்டாந்தான். அவனுக்கு எழுதுங்க." அவ்ளோதான். எந்த முனிரத்தினம்னு சொல்லல. பாவம், ரெண்டாம் நாள் செத்துட்டாரு. மத்த ரெண்டு பேருல ஒருத்தன் வழியிலயே போயிட்டான், இன்னொருத்தனுக்கு நெனப்பு வந்ததே ஒரு மாசம் கழிச்சி. யாரைக் கேக்கறது? கர்னலோட ஆபீஸ் பாக்கற அட்ஜுடன்ட் சாப் வந்து, "தணிகாசலம், அஞ்சு நிமிஷத்துல அடி, ஜீப் நிக்குது"ன்னாரு. ஜீப் நிஜமாவே நின்னுது சார், இஞ்சினை அணைக்கவே இல்ல, டுர்டுர்ருனு சத்தம் காதுல விழுந்துனே இருக்குது. அஞ்சு நிமிஷம். நீங்களே சொல்லுங்க, உங்க ஆபீஸ்ல கலெக்டர் வாசல்ல நின்னா நீங்க எல்லாத்தையும் சரி பாத்துத்தான் அனுப்புவீங்களா?

கையில அடிபட்டவங்க லிஸ்ட் இருந்துச்சு. அதுல நாப்பத்தேழு முனிரத்தினம், வலது தொடையில குண்டுச் சில்லுன்னு இருக்குது. அறுவத்திரெண்டு பேரு லிஸ்ட்லயே இல்ல. குண்டுக்கு நடுவுல மூணு தரம் போயி வந்தவனுக்கு அடிபட்டிருக்குமா, படாம இருக்குமா? நியாயமா யோசிங்க. நாப்பத்தேழுன்னு அடிச்சேன்.

அப்புறம் இன்னொண்ணும் இருக்குது. சிபாரிசோட நடத்தைச் சீட்டும் போவணும். மேல இருக்கறவங்க மொதல்ல அதைத்தான் பொரட்டுவாங்க. சிவப்பு மை ரெண்டு இருந்தா ஃபைல் திரும்பி வந்துடும். மாடு கண்ணு போட்டதுக்கும் மெடலுக்கும் இன்னா சம்பந்தம்னு யாரும் கேக்க மாட்டாங்க. நாப்பத்தேழோட சீட்டு வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. கம்பெனிக்கு ஒரு மெடல் வந்தா எல்லாருக்கும்தானே பெருமை? நான் கம்பெனிக்காக யோசிச்சேன்.

மெடல் வந்துச்சு. வந்த பிற்பாடுதான் சார் கூத்தே.

நாப்பத்தேழு தொடைக் காயத்தோட ஒரு வாரம் ஜுரத்துல கிடந்திருக்கான். கண்ணு முழிச்சா சுத்தி பெரிய பெரிய ஆபீசருங்க நின்னு கை குடுக்கறாங்க. பேப்பர்காரன் போட்டோ புடிக்கிறான். அவனுக்கு ஒண்ணும் புரியல. புரிஞ்சப்போ... இதை அவனே இருவது நாள் முன்னாடிதான் என்கிட்ட சொன்னான் சார், படுக்கையில கிடந்துனு. "அன்னிக்கே சொல்லியிருக்கணும்ணே. கூச்சத்துல சொல்லல. ஒரு நாள் சொல்லாம உட்டுட்டா, அப்புறம் எந்த நாள்ல சொல்றது?"ன்னான்.

ஏன்னா அவனுக்குத் தெரியும் சார். யாரு தூக்கினான்னு அவனுக்கு அன்னிக்கே தெரியும். அவனும் அந்த வயல்லதான் கிடந்திருக்கான், கால்ல அடிபட்டு, வரப்புக்குக் கீழ. கேப்டன் வண்டியில ஏறின பிற்பாடு அறுவத்திரெண்டு நாலாவது தரமும் போயி இவனைத் தூக்கினு வந்திருக்கான். நான் எழுதினதுல மூணு பேருன்னுதான் இருக்கும். நாலாவது ஆளு மெடல் வாங்கினவனே.

இந்த விஷயம் எனக்கு எப்போ தெரியும்னு கேக்காதீங்க. ரொம்ப நாள் கழிச்சித்தான் தெரியும்.

ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த மெடலை அவன் சும்மா போட்டுனு திரியல. அந்த மெடல் அவனை வெச்சி செஞ்சிடுச்சி. எங்க சாவு இருக்குதோ அங்க அவனே பேரு குடுத்துனு போவான். பனிமலைக்கு ரெண்டு தரம் போனான், யாரும் கூப்புடல. கால் விரல் மூணு அங்கயே போச்சு. அப்புறம் வடகிழக்குல, ஹவில்தாரா இருந்தப்போ, மலை ரோட்டுல வண்டி வரிசையா போவுது, மேலயிருந்து சுட்டானுங்க. வெடிமருந்து ஏத்தின லாரி தீப்புடிச்சிக்கிச்சு. முன்னாடியும் பின்னாடியும் ஆளுங்க நெறைஞ்ச வண்டி. டிரைவர் குதிச்சி ஓடிட்டான். இவன் எரியற லாரியில ஏறி, ஓட்டினு போயி, திருப்பத்துல பள்ளத்துல தள்ளி விட்டுட்டுக் குதிச்சான். இடது கை முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. நாப்பது உயிரு பிழைச்சுது சார், நாப்பது!

அதுக்கு ஒண்ணுமே வரல. ஒரு காகிதம் கூட வரல. அங்க இருந்த கிளார்க் ஒரு சோம்பேறி, சாட்சி வாக்குமூலம் வாங்கவே இல்ல. இப்படிப்பட்டவனுங்களாலதான் சார் நம்ம பேரு கெடுது. அப்புறமா ஒரு தரம் நாப்பத்தேழைப் பாத்தப்போ நான் கேட்டேன், "ஏன்டா, உனக்குத்தான் ஏற்கெனவே மெடல் இருக்குதே, எதுக்குடா எரியற வண்டியில ஏறின?" "அதனாலதாண்ணே"ன்னான்.

அவன் பொண்டாட்டி என்கிட்ட வந்து அழுவும். "இந்த மனுஷனுக்கு வீட்டுல நாங்க இருக்கறது நெனப்பே வராதா? யாருக்குக் கடன்பட்ட மாதிரி ஓடறாரு?"ன்னு கேக்கும். தேசபக்திம்மான்னேன்.

கண்ணமங்கலம். ஒரு டீ அடிக்கலாமா? நிக்க மாட்டானா? சரி விடுங்க.

அறுவத்திரெண்டைக் கேக்கறீங்களா? எழுபத்துநாலுல மூணாவது சிவப்பு மை விழுந்துச்சு. அனுப்பிட்டாங்க. மெடல் ஒண்ணு அவன் நெஞ்சுல இருந்திருந்தா அந்த மூணாவது விழுந்திருக்காதுன்னு சில பேரு சொல்லலாம். அது அவங்கவங்க தலையெழுத்து சார், மெடல் இன்னா பண்ணும்? ஊருக்கு வந்து கூட்ரோட்டுல பஞ்சர் கடை போட்டான். நல்லாக் குடிச்சான். குடிச்சா ரோட்டு நடுவுல நின்னு, "எவன்டா தூக்கினான்? யாரை எவன்டா தூக்கினான்?"னு கத்துவான். சனங்க சிரிப்பாங்க. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. ஆனா நாப்பத்தேழு லீவுல ஊர்ல இருந்தா, சத்தம் கேட்ட உடனே செருப்பு கூட போடாம ஓடுவான். அவனை அப்படியே தோள்ல போட்டுனு ஏரிக்கரை மேல கோட்டைமேடு வரைக்கும் கொண்டு போயி விடுவான். பாருங்கடா, மெடல்காரன் குடிகாரனைத் தூக்கினு போறான்னு ஊரே சொல்லும். எவ்ளோ நல்ல மனசுன்னு சொல்லும்.

ஒரு தரம் மெடலையே கொண்டு போயி குடுத்திருக்கான். அறுவத்திரெண்டு வாங்கிப் பாத்துட்டு, "இதை ஆடு கூட திங்காதுடா"ன்னு திருப்பிக் குடுத்துட்டானாம். அறுவத்திரெண்டு, தன் பொண்டாட்டி செத்த பிற்பாடு குடியை விட்டுட்டான். நாப்பத்தேழு ரிட்டயர் ஆகி வந்ததுலேருந்து ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கிடப்பாங்க. இப்போ படுக்கையில இருக்கறவனுக்கு எல்லாம் செய்யறது அவன்தான். துடைக்கிறது, மாத்தறது, புரட்டிப் போடறது, எல்லாம். நாப்பத்தேழோட பொண்ணு தமயந்தி இருக்குது, அது கூட, "மாமா இல்லைன்னா நான் செத்தேன்"னு சொல்லுது. அதுக்கு ஒரு விஷயமும் தெரியாது.

காலையில எனக்கு ஃபோன் பண்ணதும் அறுவத்திரெண்டுதான். அதைத்தான் சொல்ல வரேன். "எனக்கு இன்னாத்துக்கு பாபு பேப்பரு? எனக்கு ஒண்ணியும் வேணாம். அவன் போவ முடியாம கெடக்கறான். வந்து குடுத்துட்டுப் போ. அவன் நிம்மதியா போவட்டும்"னான். பட்டாளத்துல கிளார்க்கை பாபுன்னுதான் கூப்புடுவாங்க. இன்னும் அப்படியே கூப்புடறான்.

அந்தப் பேப்பர் இதான் சார். இருவது நாள் முன்னாடி நாப்பத்தேழு என்னைக் கூப்பிட்டு விட்டான். நான் போனேன். "அண்ணே, மொதல்ல எழுதினது நீதான், இதையும் நீயே எழுது. நான் சொல்றேன், எழுதிக்கோ. மெடல் என்னுது இல்ல. அது அறுவத்திரெண்டோடது. என்னையும் அவன்தான் தூக்கினு வந்தான். எனக்கு அன்னிக்கே தெரியும். நான் சொல்லல. அவ்ளோதான். குடு, கையெழுத்து போடறேன்"ன்னான்.

அப்படியே எழுதிட முடியுமா சார்? அதுக்கு ஒரு முறை இல்ல? யாருக்கு எழுதறோம், எதன் வழியா அனுப்பறோம், பொருள், பார்வை, ஒண்ணும் இல்லாம மொட்டையா அஞ்சு வரி எழுதினா குப்பைத் தொட்டிக்குத்தான் போவும். "இருப்பா, ஒழுங்கா டைப் பண்ணிக் கொண்டாறேன்"னு வந்துட்டேன். வேலூர்ல டைப் சென்டர்காரன் நாலு நாள் இழுத்தான். கரண்ட் இல்லைன்னான். அப்புறம் எனக்கு இடுப்பு வலி. அப்புறம் சங்கத்துல பொதுக்குழு. போன வாரம்தான் ரெண்டு பக்கமா அடிச்சிக் கொண்டு போனேன். பத்தி பத்தியா, நம்பர் போட்டு, அழகா இருக்கும்.

நாப்பத்தேழுக்கு இப்போ கண்ணு தெரியறதில்ல, படிச்சிக் காட்டச் சொன்னான். நான் கட்டில் பக்கத்துல உக்காந்து படிச்சேன். அறுவத்திரெண்டு அவன் காலைத் தேய்ச்சி விட்டுனு இருக்கான். முழுசாக் கேட்டுட்டு, "அண்ணே, இதுல நான் சொன்னது எங்க இருக்குது?"ன்னான். அறுவத்திரெண்டு பொக்கை வாயைத் தொறந்து சிரிச்சிட்டான். "மேற்படி மேற்படின்னு சொல்றாரே, அது நீதான்டா"ன்னான்.

நாலாவது பத்தி இருக்குதே, அங்கதான் சிக்கல். "அன்றைய சூழ்நிலையில், அறியாமல் ஒரு பிழை நேர்ந்துவிட்டது"ன்னு எழுதியிருந்தேன். சரியாத்தானே இருக்குது? நாப்பத்தேழு கையைத் தூக்கி நிறுத்தினான். "என் பாவத்தை நான் சொல்லிட்டேன். பிழை எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியாது, அது உன் பங்கு. நீ உன் பேரைப் போட்டு எழுது"ன்னான். நான் இன்னா புதுசா எழுதறது, ஜீப் நின்னுது, அவசரம், அதானேன்னு சொல்லினே நிமிந்தேன். அறுவத்திரெண்டு என்னைப் பாத்துனு இருக்கான். கோவமா எல்லாம் பாக்கல. சாதாரணமாத்தான் பாத்தான். பாத்துட்டு, "விடுடா, பாபுவுக்கு நெனப்பு இருக்குமோ இல்லியோ, அம்பது வருஷம் ஆச்சி"ன்னு சொல்லிட்டுத் திரும்ப காலைத் தேய்க்க ஆரம்பிச்சிட்டான்.

பத்தியைத் திருத்திக் கொண்டாறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நெனப்பு இருக்குது சார். நெனப்பு இல்லாம எங்க போவும்.

அன்னிக்கு டென்ட்டுல பேப்பர் மெஷின்ல இருந்துச்சு. எல்லாம் அடிச்சாச்சு. நம்பர் போடற இடம் மட்டும் காலி. லிஸ்ட்டைப் புரட்டினு இருக்கேன், வாசல்ல ஆள் நிழல் விழுது. அறுவத்திரெண்டு. சட்டை முன்னாடியும் பின்னாடியும் ரத்தத்துல ஊறி உடம்போட ஒட்டினு இருக்குது. கையில கேப்டன் சாப்போட மேப் வெக்கிற தோல் பை. "பாபு, இது கேப்டன் சாப்போடது. வயல்ல விழுந்திருந்துச்சு. அவரு கேப்பாரு, குடுத்து அனுப்பிடு"ன்னான். "இன்னாடா ரத்தம்?"னேன். "என்னுது இல்ல"ன்னான்.

என்னுது இல்லன்னான் சார். அவ்ளோதான் சொன்னான். தண்ணி கேக்க வந்திருப்பான் போல, என் மேஜை மேல இருந்த குவளையையே பாக்கறான். எனக்கு அந்த நிமிஷம் புரிஞ்சிடுச்சி. எட்டாங்கிளாஸ் படிச்சவனுக்கும் புரியும், அந்த முதுகைப் பாத்தா. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? "ஆபீசுக்குள்ள தொப்பி இல்லாம வரதாடா? தொப்பி எங்க? வெளிய போ!"ன்னு கத்தினேன். தொப்பி இல்லாம சல்யூட் அடிக்கக் கூடாது எங்க பட்டாளத்துல. அதனால அவன் அட்டென்ஷன்ல ஒரு நிமிஷம் நின்னான். நின்னுட்டுப் போயிட்டான். தண்ணி குடிக்கல.

அதுக்கு அப்புறம்தான் நம்பர் அடிச்சேன்.

ஏன்னு கேட்டா எனக்கே தெரியல. சிவப்பு மைன்னு நான் சொல்றது நிஜம்தான், ஆனா அது மட்டும் இல்ல. அவன் என் ஆபீசுல வந்து அந்த அலங்கோலத்துல நிக்கறான், நான் மூணு மைல் பின்னாடி இஸ்திரி போட்ட சட்டையோட உக்காந்திருக்கேன், அது எனக்குப் பொறுக்கல போல. இதை நான் என் பொண்டாட்டிகிட்ட கூட சொன்னதில்ல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல. நீங்க பாட்டுக்குத் திருவண்ணாமலை போறவரு.

இப்போ சொல்லுங்க, இதை எப்படி நாலாவது பத்தியில எழுதறது? பதினோரு வருஷமா தலைவரா இருக்கேன். ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கொடி ஏத்தறது நான்தான். எழுதிக் குடுத்தா அந்தத் தமயந்தி பொண்ணு ஊர்ல தலை காட்ட முடியுமா? தெருப் பலகையைக் கழட்டுவாங்களா? செத்தா அவருக்குப் பட்டாளத்து மரியாதை கிடைக்குமா? அதையெல்லாம் யோசிக்கணும். நான் அவங்களுக்காகத்தான் யோசிக்கிறேன். பழையபடியே "பிழை நேர்ந்துவிட்டது"ன்னுதான் இருக்குது, மாத்தல. அதையே படிச்சிட்டுக் கையெழுத்து வாங்கிடலாம். அவனுக்குத்தான் கண்ணு தெரியாதே. ஆனா பக்கத்துல அறுவத்திரெண்டு உக்காந்திருப்பான் சார். காலைத் தேய்ச்சினு. ஒண்ணும் சொல்ல மாட்டான். அதான்...

இன்னாப்பா? கூட்ரோடா? வந்துடுச்சா அதுக்குள்ள?

அதோ, அந்தப் புளியமரத்துகிட்ட, வேட்டியை மடிச்சிக் கட்டினு, கையைக் கண்ணுக்கு மேல வெச்சினு பாக்கறானே, அவன்தான் சார். அறுவத்திரெண்டு. என்னைப் பின்னாடி உக்கார வெச்சி மிதிச்சினு போவ சைக்கிளைக் கொண்டாந்திருக்கான் பாருங்க. எழுபத்தாறு வயசு ஆளு. நீங்க கொஞ்சம் முன்னாடி சாஞ்சிக்கோங்க சார். இன்னும் கொஞ்சம். வெயில் கண்ணுல அடிக்குது, அதுக்குத்தான்.

இல்லப்பா கண்டக்டரு, இறங்கல. நான் போளூர் வரைக்கும் வரேன், டிக்கெட்டை மாத்திக் குடு. ஆமாம்பா, உயிர் போற விஷயம்தான், நான்தான் சொன்னேன். அதனாலதான் முறையாச் செய்யணும்னு பாக்கறேன். போளூர்ல ஒரு நோட்டரி இருக்காரு. இந்த மாதிரி பேப்பருக்கு நோட்டரி முத்திரை இல்லாம கையெழுத்து வாங்கினா செல்லாது. இல்லீங்களா சார்? முத்திரை வாங்கினு ஒரு மணி நேரத்துல திரும்பிடுவேன். விசில் குடுப்பா, வண்டி எடுக்கட்டும்.

ஃபோன் அடிக்குது. தமயந்தி நம்பர்தான். அடிக்கட்டும், பஸ் சத்தத்துல எதுவும் கேக்காது.

பாக்கறானா சார்? இந்தப் பக்கம் பாக்கறானா? நீங்க திரும்பிப் பாத்துச் சொல்லுங்க. இன்னும் அங்கயே நிக்கறானா? நிப்பான் சார். அடுத்த வண்டிக்கும் நிப்பான்.